கதவு மூடாமல் ஓடிய மெஷின்

(ஒலி வடிவில் வெளியான உரையின் திருத்திய எழுத்து வடிவம். பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டிருக்கிறது.)



நான் ஒரு மெயின்டனன்ஸ் இன்ஜினியர். இதைச் சொன்ன உடனே பாதிப் பேர், "எங்க வீட்டு வாஷிங் மெஷின் ஒரு மாதிரி சத்தம் போடுது, வந்து பாக்குறீங்களா?"ன்னு கேப்பாங்க. போய்ப் பாத்தும் கொடுத்திருக்கேன். ஆனா என் வேலை அது இல்லை. கோயம்புத்தூர்ல பிரிசிஷன் மெஷின் ஷாப்கள்ல 2012-ல இருந்து வேலை பாக்குறேன். இன்னைக்கு நான் சொல்லப்போறது முதல்ல இருந்த கம்பெனியில நடந்த விஷயம். கம்பெனி பேரு வேண்டாம். அதுல தப்பு செஞ்சது நான். அதனால என்னைப் பத்தி மட்டும் பேசுறேன்.

முதல்ல, பிரிசிஷன்னா என்னன்னு ஒரு நிமிஷம் சொல்லிடறேன். எங்க ஷாப்ல ஓடுறது சிஎன்சி லேத்தும் விஎம்சியும். பம்புக்கும் வால்வுக்கும் வண்டிக்கும் வேண்டிய பாகங்களைக் கடையுறோம். டிராயிங்ல ஒரு துளையோட விட்டம் 40 மில்லிமீட்டர்னு இருக்கும். பக்கத்துலயே பிளஸ் 0.016, மைனஸ் சைபர்னு சின்னதா போட்டிருக்கும். அதாவது நமக்குக் கொடுத்திருக்கிற இடம் மொத்தமே 16 மைக்ரான். உங்க தலைமுடி ஒண்ணோட தடிமன் சுமாரா 70 மைக்ரான். ஒரு மீட்டர் நீள இரும்பு, வெயில் ஒரு டிகிரி ஏறினாலே 11, 12 மைக்ரான் நீண்டுடும். காலையில எட்டு மணிக்குச் சரியா வந்த பீஸ் மதியம் ரெண்டு மணிக்கு ரிஜெக்ட் ஆகுறது எங்களுக்குப் பழக்கமான சமாச்சாரம்.

பீஸைக் கடையுறது ஆபரேட்டர். அளந்து பாக்குறது குவாலிட்டி. அந்த மெஷின் நேத்து நின்ன அதே புள்ளியில இன்னைக்கும் வந்து நிக்கணும் இல்லையா, அதுக்குப் பொறுப்பு நாங்க. லூப் ஆயில் லெவல் பாக்கணும். கூலன்ட்டை ஒரு சொட்டு எடுத்து ரிஃப்ராக்டோமீட்டர்ல வெச்சு அதோட அடர்த்தி பாக்கணும். எலக்ட்ரிக்கல் பேனல் ஃபில்டரைக் கழட்டித் தூசி தட்டணும். டயல் வெச்சு பால் ஸ்க்ரூல பேக்லேஷ் எவ்வளவுன்னு பாக்கணும். இதெல்லாம் ஒழுங்கா நடந்தா ஷாப்ல ஒண்ணுமே நடக்காது. அந்த ஒண்ணுமே நடக்காத நாளுக்காகத்தான் எங்களுக்குச் சம்பளம். ஆனா அப்படி ஒரு நாளை யாரும் கவனிக்க மாட்டாங்க.

உப்புக் காத்து

எனக்குச் சொந்த ஊர் தங்கச்சிமடம். பாம்பன் பாலம் தாண்டி ராமேஸ்வரம் போற வழியில வரும். நீங்க ராமேஸ்வரம் போயிருந்தா எங்க ஊரைக் கடந்துதான் போயிருப்பீங்க, ஆனா இறங்கியிருக்க மாட்டீங்க. மீன்பிடியும், மல்லிகை நாத்தும், உப்புக் காத்தும் உள்ள ஊரு. அந்தக் காத்துல இரும்புன்னு எதை வெச்சாலும் தின்னுடும். புது சைக்கிள் வாங்கினா செயின் கொஞ்ச நாள்லயே சிவந்து போயிரும். ஜன்னல் கம்பிக்கு வருஷா வருஷம் பெயின்ட் அடிக்கலைன்னா கையில உதிரும்.

எங்கப்பா விசைப்படகு இன்ஜின் மெக்கானிக். படிப்பு எட்டாவதுதான். ஒரு நீளமான ஸ்க்ரூடிரைவர் வெச்சிருப்பாரு. அதோட முனையை ஓடுற இன்ஜின்ல வெச்சு, கைப்பிடியைக் காதுல வெச்சுக் கேப்பாரு. எந்த பேரிங் போகப்போகுதுன்னு சொல்லிடுவாரு. நான் பாலிடெக்னிக் முடிச்சுட்டு கோயம்புத்தூர் போனப்போ என்கிட்ட வைப்ரேஷன் மீட்டர் கொடுத்தாங்க. ஆனா இன்னைக்கும் ஒரு ஸ்பிண்டில் மேல சந்தேகம் வந்தா முதல்ல நான் தேடுறது அந்த ஸ்க்ரூடிரைவரைத்தான்.

வேலையில சேர்ந்த முதல் வாரமே ஒரு அசிங்கம். ஸ்லிப் கேஜைத் தெரியாம வெறும் கையால எடுத்துட்டேன். மறுநாள் அதுல என் கட்டைவிரல் ரேகை அப்படியே துருவா பதிஞ்சிருந்துச்சு. சில பேரு வேர்வையில உப்பு அதிகம். அவங்க தொட்டா கடைஞ்ச இரும்பு உடனே துருப்பிடிக்கும். குவாலிட்டியில இருந்த அண்ணன், "தம்பி, நீ கடலைக் கையோட கொண்டு வந்துட்டியா?"ன்னு கேட்டுச் சிரிச்சாரு. அதுக்கப்புறம் அந்த கேஜ் பெட்டியை நான் தொட்டதே இல்லை.

இன்னொண்ணும் சொல்றேன். மெஷின் தன்னோட சைபர் புள்ளியை ஞாபகம் வெச்சுக்கிறதுக்கு உள்ள ஒரு சின்ன பேட்டரி இருக்கும். அதை மெஷின் பவர் ஆன்ல இருக்கும்போதுதான் மாத்தணும். நான் ரொம்பப் பொறுப்பா, கரன்ட் அடிக்கக் கூடாதுன்னு, மெயினை ஆஃப் பண்ணிட்டு மாத்தினேன். மெஷினுக்கு தான் எங்க நிக்குறோம்னே மறந்து போச்சு. சைபரைத் திரும்ப வைக்க ஒரு ஷிஃப்ட் முழுக்க ஆச்சு. நல்லாத் திட்டு வாங்கினேன். ஆனா அது இரும்போட போன தப்பு. சரி பண்ணிட்டோம். அடுத்து நான் சொல்லப்போறது அப்படிச் சரி பண்ண முடியாதது.

எப்போ ஓடும்?

ஒரு மெஷின் நின்னா மெயின்டனன்ஸ்காரன்கிட்ட எல்லாரும் கேக்குறது ஒரே கேள்விதான். "எப்போ ஓடும்?" ஏன் நின்னுச்சுன்னு கேக்க மாட்டாங்க. சூப்பர்வைசரும் அதையே கேப்பாரு, பிளானிங்கும் அதையே கேக்கும், வண்டி வெச்சுக்கிட்டு வாசல்ல நிக்கிற டிரைவரும் அதையே கேப்பாரு. ஒரு கட்டத்துல நமக்கே நம்ம வேலை, நின்னதை ஓட வைக்கிறது மட்டும்தான்னு தோண ஆரம்பிச்சுடும்.

சிஎன்சி லேத்துல முன்னாடி ஒரு கதவு இருக்கும். சக் சுத்தும்போது அந்தக் கதவு மூடியிருக்கணும். மூடியிருக்கான்னு பாக்க ஒரு சுவிட்ச் இருக்கு. கதவுல நாக்கு மாதிரி ஒரு சின்ன இரும்புத் துண்டு, ஃபிரேம்ல அந்த நாக்கு போய் நுழையுற சுவிட்ச். நாக்கு உள்ளே போனாத்தான் ஸ்பிண்டில் சுத்தும். வெளியே வந்தா நின்னுடும். இதுக்குப் பேரு டோர் இன்டர்லாக்.

இதை ஏன் பைபாஸ் பண்றாங்கன்னா, அதுக்கும் காரணங்கள் இருக்கு. கூலன்ட் அடிச்சு அடிச்சு கண்ணாடி மங்கிடும், உள்ள டூல் எங்க நிக்குதுன்னு தெரியாது. புது செட்டிங் போடுறவருக்கு டூல் பீஸைத் தொடுற இடத்தைக் கண்ணால பாக்கணும். சில மெட்டீரியல்ல பிசிறு நூடுல்ஸ் மாதிரி நீளமா வந்து சக்ல சுத்திக்கும், அதை அப்பப்போ இழுத்து விடணும். அதோட அந்த சுவிட்சுக்குள்ள கூலன்ட் போய் அடிக்கடி ஃபெயிலும் ஆகும். யாரும் கெட்ட எண்ணத்துல பண்றதில்லை.

2016. நைட் ஷிஃப்ட். ஒரு லேத்துல டோர் அலாரம் வந்து நின்னுடுச்சு. கழட்டிப் பாத்தா சுவிட்சுக்குள்ள கூலன்ட். ஸ்டோர்ல ஸ்பேர் இல்லை. காலையில ஏழு மணிக்கு மெட்டீரியல் போயாகணும். சூப்பர்வைசர் பக்கத்துல வந்து நின்னாரு, மிரட்டல்லாம் இல்லை. "தம்பி, ஏதாவது பண்ணேன்"னு மட்டும் சொன்னாரு.

நான் பண்ணினேன். பழைய சுவிட்ச் ஒண்ணு பாதி உயிரோட கிடந்துச்சு. அதை மாட்டி, டப்பாவுல கிடந்த தனி நாக்கு ஒண்ணை அதுல நேரடியாச் சொருகி, கழண்டு விழாம டேப் சுத்திட்டேன். இப்போ மெஷினுக்குக் கதவு எப்பவுமே மூடியிருக்குற மாதிரிதான் தெரியும். அஞ்சு நிமிஷ வேலை. சூப்பர்வைசர் டீ வாங்கிக் கொடுத்தாரு. லாக் புக்ல எழுதினேன்: "டோர் அலாரம். சரி செய்யப்பட்டது."

காலையில மாத்திடலாம்னுதான் நினைச்சேன், சத்தியமா. ஸ்பேர் வர நாலு நாள் ஆகும்னாங்க. அதுக்குள்ள வேற ரெண்டு மெஷின் நின்னுச்சு. சுவிட்ச் வந்து ஸ்டோர்ல உக்காந்துச்சு. நல்லா ஓடிட்டு இருக்கிற மெஷினை நிறுத்தி சுவிட்ச் மாத்தணும்னு யார்கிட்ட போய்க் கேக்குறது? மூணு வாரம் ஓடிருச்சு.

அந்த மூணு வாரத்துக்கு நடுவுல ஒரு பையன் புதுசா வேலைக்கு வந்தான். பரமக்குடி பக்கம். நம்ம மாவட்டம்னு என்கிட்ட ஒட்டிக்கிட்டான். "அண்ணே, அண்ணே"ன்னு கேண்டீன்ல என் பக்கத்துலதான் உக்காருவான். அவனை அந்த மெஷின்லதான் போட்டாங்க.

ஒரு நாள் சாயங்காலம் பிசிறு சக்ல சுத்திக்கிச்சு. கதவு பாதி திறந்துதான் இருந்துச்சு. கையில பருத்தி கிளவுஸ். ஸ்பிண்டில் நிக்கலை. கையை உள்ள விட்டு இழுத்திருக்கான். கிளவுஸ் மாட்டிக்கிச்சு. வலது கையில ரெண்டு விரல் போச்சு.

நான் அப்போ ஷாப்போட இன்னொரு கோடியில ஒரு பேனல்ல இருந்தேன். யாரோ எமர்ஜென்சி பட்டனை அடிச்ச சத்தம் கேட்டுச்சு. ஒரு மெஷின் மட்டும் நிக்குற சத்தத்தை வெச்சே அது எந்த மெஷின்னு எனக்குத் தெரிஞ்சுடுச்சு.

அவன் சொன்னது

மறுநாள் விசாரணை நடந்துச்சு. "ஓடும் மெஷினில் கை வைத்தது, கிளவுஸ் அணிந்தது, ஆபரேட்டரின் கவனக்குறைவு"ன்னு ஒரு பேப்பர் தயாராச்சு. லாக் புக்கைப் புரட்டினாங்க. என் கையெழுத்துல "சரி செய்யப்பட்டது"ன்னு இருந்துச்சு. என்கிட்ட யாரும் எதுவும் கேக்கலை. நானும் எதுவும் சொல்லலை. அன்னைக்கு நான் வாயைத் திறக்கலைங்குறதை இங்க சொல்லியே ஆகணும்.

ரெண்டு நாள் கழிச்சு ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஹார்லிக்ஸ் பாட்டில் ஒண்ணு வாங்கிட்டுப் போயிருந்தேன், வேற என்ன வாங்குறதுன்னு தெரியலை. அவங்க அம்மா ஊர்லருந்து வந்திருந்தாங்க. நம்ம ஊர்க்காரப் பிள்ளைன்னு என்னைப் பாத்து அழுதாங்க. நான் அவன்கிட்ட, "கதவைத் திறந்து வெச்சுக்கிட்டு ஏன்டா ஓட்டினே?"ன்னு கேட்டேன். என் மேல இருந்த பாரத்தை அவன் மேல இறக்கத்தான் அப்படிக் கேட்டேன்னு இப்போ தோணுது.

அவன் சொன்னான்: "அந்த மெஷின் அப்படித்தானே ஓடும், அண்ணே. கதவு மூடினாத்தான் ஓடும்னு எனக்கு யாரும் சொல்லலையே."

பைபாஸ் பண்ணின எனக்கு அது பைபாஸ். அதுக்கப்புறம் வந்தவனுக்கு அதுதான் மெஷின். நான் எடுத்த ரிஸ்க்னு நான் நினைச்சது, என் பேரே இல்லாம இன்னொருத்தன் கையில போய் உக்காந்திருக்கு. அதை அவன் ஏத்துக்கவும் இல்லை, மறுக்கவும் இல்லை. அவனுக்கு அப்படி ஒண்ணு இருக்குறதே தெரியாது.

மண்டபத்துல நின்ன ரயில்

லீவு போட்டுட்டு ஊருக்குக் கிளம்பினேன். ஆடி மாசம். மதுரையில இருந்து ராமேஸ்வரம் பாசஞ்சர். மண்டபத்துல ரயிலை நிறுத்திட்டாங்க. கச்சான் காத்து. பாம்பன் பாலத்துல காத்தோட வேகம் மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினா அனிமாமீட்டர் காட்டிக் கொடுத்துடும், சிக்னல் விழாது, ரயில் பாலத்துல ஏறாது. எங்க ஊர்க்காரங்களுக்கு இது பழக்கம். டூர் வந்தவங்க சில பேருதான், "என்னங்க இது, காத்துக்கெல்லாமா ரயிலை நிறுத்துவாங்க?"ன்னு முணுமுணுத்துட்டு இருந்தாங்க. எதிர் சீட்டுல இருந்த ஒரு பெரியவர், "நிக்கட்டும்பா"ன்னு சொல்லிட்டு வெத்தலையைப் பிரிச்சாரு.

அந்த "நிக்கட்டும்பா"வுக்குப் பின்னாடி 1964 இருக்கு. டிசம்பர் 22 ராத்திரி, புயல்ல, பாம்பன்ல இருந்து தனுஷ்கோடி போன பாசஞ்சர் ரயிலைக் கடல் அடிச்சுட்டுப் போயிடுச்சு. நூறு பேருக்கு மேல இருந்தாங்க, ஒருத்தரும் மிஞ்சலை. எங்க பக்கம் அந்தக் கதையைச் சொல்லும்போது ஒரு இடத்துல கொஞ்சம் நிறுத்துவாங்க. தனுஷ்கோடி கிட்ட சிக்னல் வேலை செய்யலை, ரயில் கொஞ்ச நேரம் நின்னு பாத்துச்சு, அப்புறம் விசில் ஊதிட்டுக் கிளம்பிடுச்சுன்னு. பாம்பன் பாலமும் அன்னைக்குப் பெருசா சேதமாச்சு. அதை இ.ஸ்ரீதரன் தலைமையில 46 நாள்ல சரி பண்ணினாங்க. அந்த 46 நாளை எல்லாருக்கும் தெரியும், இன்ஜினியரிங் காலேஜ்ல பெருமையாச் சொல்வாங்க. ஆனா அந்தப் பாலம் அதுக்கப்புறமும் எத்தனையோ வருஷம் உப்புக் காத்துல நின்னதுக்குக் காரணம், வருஷம் பூரா அந்த இரும்பைச் சுரண்டிப் பெயின்ட் அடிச்சுக்கிட்டே இருந்தவங்க. காத்து அடிச்சா ரயிலை நிறுத்தினவங்க.

அப்பாகிட்ட எல்லாத்தையும் சொன்னேன். திட்டுவாருன்னு நினைச்சேன். கொஞ்ச நேரம் பேசாம இருந்துட்டு ஒண்ணு கேட்டாரு: "நீ எழுதி வெச்சது இன்னும் அப்படியேதான் இருக்கா?"

"ஆமாப்பா."

"அப்போ போய் அதை மொதல்ல மாத்து."

திரும்பிப் போனேன். மேனேஜர் ரூமுக்குப் போய் நடந்ததைச் சொன்னேன். லாக் புக்ல அந்தத் தேதிக்குக் கீழேயே, "இன்டர்லாக் பைபாஸ் செய்யப்பட்டது, செய்தது நான்"னு எழுதிக் கையெழுத்துப் போட்டேன். வேலை போகும்னு நினைச்சேன், போகலை. அந்த வருஷம் இன்கிரிமென்ட் போச்சு. விசாரணைப் பேப்பர்ல "கவனக்குறைவு"ங்குற வார்த்தையை எடுத்தாங்க. இஎஸ்ஐ-ல பையனுக்கு உரிய பணம் வந்துச்சு. கை தேறினதும் ஸ்டோர்ல வேலை போட்டுக் கொடுத்தாங்க. இதையெல்லாம் பெரிய நல்ல முடிவாட்டம் நான் சொல்ல வரலை. எங்களோட ஒரு கல்யாண போட்டோ இருக்கு, அதுல அவன் வலது கையை முதுகுக்குப் பின்னாடி வெச்சுக்கிட்டு நிப்பான்.

இப்போ என்ன பண்றேன்

இப்போ வேற கம்பெனியில மெயின்டனன்ஸை நான் பாத்துக்கிறேன். புதுசா வர்ற பசங்களுக்கு நாலு விஷயம் சொல்வேன்.

ஒண்ணு, ஓடாத மெஷினை "சரி செய்யப்பட்டது"ன்னு எழுதினாக்கூட மறுநாள் குட்டு வெளிப்பட்டுடும். ஓடுற மெஷினை அப்படி எழுதினா வெளிப்படவே படாது. அதனால என்ன பண்ணினியோ அதை எழுது. டேப் சுத்தினா டேப் சுத்தினேன்னு எழுது.

ரெண்டு, டோர் சுவிட்ச் ஸ்பேர் எப்பவும் ரெண்டு ஸ்டோர்ல இருக்கணும். அன்னைக்கு ராத்திரி அது இருந்திருந்தா இந்தக் கதையே இல்லை. தைரியமா நில்லுன்னு பசங்களுக்கு அறிவுரை சொல்றதைவிட, நிக்க வேண்டிய அவசியமே வராம ஸ்பேர் வாங்கி வெக்கிறது சுலபம்.

மூணு, ஏன் பைபாஸ் பண்றாங்கன்னு பாரு. கண்ணாடி மங்கிடுச்சுன்னா கண்ணாடியை மாத்து. பிசிறு நீளமா வருதுன்னா இன்சர்ட்டையும் ஃபீடையும் மாத்தி அது துண்டு துண்டா உடையுற மாதிரி பண்ணு. உள்ள பாத்துத்தான் செட் பண்ணணும்னா அதுக்குச் செட்டிங் மோட் இருக்கு, ஸ்பீடு கம்மியா, பட்டனை அழுத்திட்டு இருக்குற வரைக்கும்தான் ஓடும். 1948-ல வந்த தொழிற்சாலைகள் சட்டத்துல 21-வது பிரிவே சுத்துற பாகங்களுக்குத் தடுப்பு வேணும்னு சொன்ன பிரிவுதான். சட்டம் அப்பவே இருந்துச்சு. அதை ஒரு இன்சர்ட் விலையில கடைப்பிடிக்க முடியும்.

நாலு, நீ மெஷினுக்குள்ள தலையை விட்டா மெயின் சுவிட்ச்ல உன் பூட்டு தொங்கணும், சாவி உன் பாக்கெட்ல இருக்கணும். ஃப்ரெண்டு பாக்கெட்ல இல்லை.

"எப்போ ஓடும்?"னு இப்பவும் கேக்குறாங்க. "எப்போ நிறுத்தினதுக்குக் காரணம் சரியாகுதோ, அப்போ ஓடும்"னு சொல்றேன். சில நாள் சண்டை வருது. வரட்டும்.

2025 ஏப்ரல்ல பாம்பன்ல புதுப் பாலம் திறந்தாங்க. 1914-ல வந்த பழைய பாலத்துல கப்பல் வந்தா ஆளுங்க லீவரைப் பிடிச்சுச் சுத்தித்தான் நடுப் பகுதியைத் தூக்குவாங்க. இப்போ 72.5 மீட்டர் நீள நடுப் பகுதி மோட்டார்ல அப்படியே 17 மீட்டர் மேல போகுது. அப்பாவைக் கூட்டிட்டுப் போய்க் காட்டினேன். அவரு ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாரு: "காத்தடிச்சா நிக்குமாடா?" நிக்கும்பான்னு சொன்னேன்.

கடைசியா உங்களுக்கு ஒண்ணு. இதைக் கேக்குற நிறைய பேர் மெஷின் ஷாப் பக்கமே வந்திருக்க மாட்டீங்க. ஆனா உங்க வீட்டு மெயின் போர்டுல ஒரு ஆர்.சி.சி.பி. இருக்கும், நிறைய பேர் இன்னமும் இ.எல்.சி.பி.ன்னுதான் சொல்வாங்க. கரன்ட் லீக் ஆகி யார் உடம்பு வழியாவாவது போனா, கண் சிமிட்டுற நேரத்துல லைனைத் துண்டிக்கிறது அது. "மழை வந்தா அடிக்கடி விழுது, ஒரே தொல்லை"ன்னு எலக்ட்ரீஷியன்கிட்ட சொல்லி அதை பைபாஸ் பண்ணி வெச்சிருக்குற வீடுகள் நான் நிறைய பாத்திருக்கேன். வாடகை வீட்டுல இருந்தீங்கன்னா, உங்களுக்கு முன்னாடி குடியிருந்தவரு அப்படிப் பண்ணிட்டுப் போயிருக்கலாம். உங்களுக்குத் தெரிய வாய்ப்பே இல்லை.

அதுல "டி"ன்னு போட்ட ஒரு சின்ன பட்டன் இருக்கும். இன்னைக்கு வீட்டுக்குப் போனதும் அதை ஒரு தடவை அழுத்துங்க. டக்குனு விழுந்து, வீட்டுல கரன்ட் போச்சுன்னா நல்லது, திரும்பத் தூக்கி விட்டுக்கலாம். விழலைன்னா நாளைக்கே ஆளைக் கூப்பிடுங்க.